பள்ளி வைஃபைக்கு ஒரு நல்ல பூட்டு

(அச்சரப்பாக்கம் வட்டார ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஊர்ப் பெயருக்குத் தலபுராணம் சொல்லும் காரணம் உங்களுக்குத் தெரியும். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேர் அச்சு இற்ற இடம் இது என்பார்கள். திறன்மிகு வகுப்பறை, உயர் தொழில்நுட்ப ஆய்வகம், கைக்கணினி என்று நம் பள்ளிகளுக்கும் பெரிய தேர் வந்திருக்கிறது. அதன் அச்சு, மூலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ரூட்டர்தான்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. காவல்துறை தடம் பிடித்துச் சென்ற இடம், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீடு. பாதுகாப்பின்றி இருந்த அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். நாளை அந்த முகவரி நம் பள்ளியாக இருந்தால், பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். தவிர, ரூட்டருக்குள் புகுந்தவர் எமிஸ் தளத்துக்குப் போக வேண்டிய நம்மைப் போலித் தளத்துக்குத் திருப்பிவிட முயலலாம். அலுவலகக் கணினியில் பகிர்ந்து வைத்த மாணவர் பட்டியலையும் எட்டிப் பார்க்கலாம்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் நான்கு பெயர்களைக் காண்பீர்கள். வெப் 1997இல் வந்தது. ஒவ்வொரு செய்திப் பொட்டலத்துக்கும் அது சேர்க்கும் 24 பிட் எண்ணில் சுமார் 1 கோடியே 67 லட்சம் வகைகள்தான் உண்டு. போக்குவரத்து மிகுந்தால் அவை திரும்பத் திரும்ப வரும். 2001இலேயே அதை உடைத்துக் காட்டிவிட்டார்கள். 2003இல் வந்த டபிள்யூபிஏ தற்காலிக ஒட்டு. 2004இன் டபிள்யூபிஏ2, 2018இன் டபிள்யூபிஏ3 இரண்டுமே நமக்கு உரியவை. பழைய மடிக்கணினிகள் இருந்தால் டபிள்யூபிஏ2-ஐ ஏஇஎஸ் முறையுடன் தேர்ந்தெடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை:

1. ரூட்டரின் அடியில் அச்சிட்ட நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல் அதிலிருந்து வேறாக இருக்கட்டும்.

2. யுடைஸ் எண், பள்ளிப் பெயர், கைப்பேசி எண் வேண்டாம். இணைப்பு தொடங்கும்போது பரிமாறப்படும் தகவலைப் பதிவு செய்துகொண்டு, கணினியால் கோடிக்கணக்கான ஊகங்களைச் சோதிக்க முடியும். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள்: நுங்கு, மதகு, கொலுசு, உப்பளம் என்பதுபோல. இதையே வைத்துவிடாதீர்கள்!

3. டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண் இரு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால், 11,000 முயற்சிகளே போதும் என்று 2011இல் தெரியவந்தது.

4. விருந்தினர், மாணவர் கைப்பேசிகளுக்குத் தனி வலையமைப்பு கொடுங்கள். அலுவலகக் கணினி அதில் இருக்கக் கூடாது.

5. ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். 2017இல் டபிள்யூபிஏ2-இல் கண்ட ஓட்டை அவ்வாறுதான் அடைக்கப்பட்டது.

வைஃபை பெயரை மறைத்து வைப்பது பாதுகாப்பு ஆகாது. இலவசச் செயலி ஒன்றே அதைக் கண்டுபிடித்துவிடும்.

கடவுச்சொல்லைக் கரும்பலகையில் எழுதாதீர்கள். ஒரு தாளில் எழுதி பீரோவில் பூட்டி வையுங்கள். ஆசிரியர் ஒருவர் மாறுதலில் சென்றால், சாவியை ஒப்படைப்பதுபோல இதையும் மாற்றுங்கள். அவர்மீது ஐயம் கொண்டு அல்ல. நாளை ஏதேனும் நடந்தால் அவர் பெயர் இழுபடாமல் இருக்க.

பெற்றோர் நம்மை நம்பித் தந்தவை பிள்ளைகளின் பெயரும் எண்ணும் முகவரியும். அரை மணி நேரம் ஒதுக்கினால் அவற்றைக் காக்கலாம்.