படைவிட்டு வந்தோர்க்குத் தொழில்நுட்ப வேலை

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நாட்டைக் காக்கப் பிள்ளைகளை அனுப்புவது தமிழகக் கிராமங்களுக்குப் புதிய வழக்கமன்று. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாக மக்கள் படையில் சேர்ந்தமையால், அவ்வூருக்கு இராணுவப்பேட்டை என்ற பெயரே வழங்குகிறது. பிள்ளை படைக்குப் புறப்படும் நாளில் ஊரே திரண்டு வழியனுப்புகிறோம். அவர் திரும்பி வரும் நாளைப் பற்றி மட்டும் நாம் சிந்திப்பது மிகக் குறைவு. அதைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம்.

படைவீரர்களில் பெரும்பாலோர் 35 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையிலேயே ஓய்வு பெறுகின்றனர். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பருவம். பெற்றோர் தளரும் பருவம். ஓய்வூதியம் வந்தாலும் குடும்பச் செலவு முழுவதையும் அது தாங்குவதில்லை. 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தோருக்கோ பணிக்காலம் 4 ஆண்டுகள்தாம். அவர்களுள் 25 சதவீதத்தினர் வரையிலேயே படையில் தொடர்வர் என்று அத்திட்டம் அறிவிக்கப்பெற்றபோது விதி வகுக்கப்பட்டது. ஏனையோர் ஒரு தொகையைப் பெற்று, ஓய்வூதியமின்றி இளம் வயதிலேயே ஊர் திரும்புவர். இவர்களுக்கு அடுத்த தொழில் மிகவும் இன்றியமையாதது.

பட்டாளத்துக்காரர் என்றதும் நம் நினைவுக்கு வருவது காவல் வேலை. அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆயினும், பதினேழு ஆண்டுகள் கம்பியில்லாத் தந்திக் கருவிகளைப் பழுது பார்த்தவரைத் தொழிற்சாலை வாயிலில் நாற்காலியிட்டு அமர்த்துவது, நன்செய் நிலத்தைத் தரிசாகப் போடுவதற்கு ஒப்பாகும்.

படை என்பது துப்பாக்கி மட்டுமன்று. சிக்னல் படைப்பிரிவினர் தொலைபேசிக் கம்பியும் கண்ணாடி இழைக் கம்பியும் இழுத்து, முறிவைக் கண்டுபிடித்துச் சீர் செய்கின்றனர். 1943-இல் உருவான மின்-இயந்திரப் பொறியியல் படைப்பிரிவினர் வாகனங்களையும் மின்னணுக் கருவிகளையும் பழுது பார்க்கின்றனர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள் பாலமும் பாதையும் அமைக்கின்றனர். விமானப் படையிலும் கடற்படையிலும் தொழில்நுட்பப் பணியாளர் மிகப் பலர்.

இத்திறமைக்கு வெளியில் இடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தின் நோக்கம், கிராமப் பஞ்சாயத்துகளைக் கண்ணாடி இழையால் இணையத்தோடு இணைப்பதாகும். அவ்விழை தலைமுடி அளவே பருமனுடையது. அது முறிந்தால், ஒளித்துடிப்பை உள்ளே செலுத்தி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு, எத்தனை மீட்டர் தொலைவில் முறிவு என்று கருவியால் அறிவர். பிறகு இரு முனைகளையும் நேராக வெட்டி, மின்பொறியின் வெப்பத்தால் உருக்கி ஒட்டுவர். சிக்னல் பிரிவில் பணியாற்றியவர் பலருக்கு இது கைவந்த வேலை.

சென்னையை அடுத்த அம்பத்தூர், சிறுசேரி முதலிய இடங்களில் கணினித் தகவல் மையங்கள் இயங்குகின்றன. இரவும் பகலும் அங்கே மின்சாரமும் குளிர்ச்சியும் நிற்கக் கூடாது. ஜெனரேட்டரையும் பாட்டரியையும் கவனித்து, மணிக்கு மணி குறிப்பேட்டில் பதிந்து, முறை மாறும்போது அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் பழக்கம் உள்ளவர்களே அங்குத் தேவை. அப்பழக்கம் படைவீரருக்கு இயல்பாகவே அமைந்திருக்கிறது. கமுதியின் சூரிய மின் நிலையம், ஆரல்வாய்மொழிப் பகுதியின் காற்றாலைகள், செல்பேசிக் கோபுரங்கள் ஆகியவற்றிலும் பராமரிப்பு வேலைகள் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் நிரல் எழுதும் தொடக்க வேலைக்குப் பெரும்பாலும் கல்லூரி வாயிலிலேயே இளைஞரைத் தேர்ந்தெடுத்து விடுகின்றன. அக்கதவு நாற்பது வயதினருக்கு எளிதில் திறப்பதில்லை. கருவிகளை இயக்குதல், பராமரித்தல், பழுது நீக்குதல் ஆகிய வேலைகளின் வழியே நுழைவதுதான் விவேகம். உள்ளே சென்றபின் மேற்படிகளில் ஏறலாம்.

வேலை கிடைக்காமைக்குப் பெரிய காரணம், திறமை காகிதத்தில் விளங்காமையே. "ஹவில்தார், 17 ஆண்டு பணி" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், விண்ணப்பத்தைப் படிக்கும் அலுவலர் ஒன்றும் அறியார். "பத்துப் பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாளர்; இன்ன வகைக் கருவிகளைப் பராமரித்தவர்; இன்ன பயிற்சியில் தேர்ந்தவர்" என்று எழுதினால் அறிவார். படையின் சொல்லைத் தொழிற்கூடத்தின் சொல்லாக மாற்றி எழுத வேண்டும். படையின் இரகசியம் எதையும் அதில் எழுதலாகாது.

படையில் தொழில்நுட்பப் பிரிவில் இல்லாதவர் மனம் தளர வேண்டியதில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுகுடியமர்வு இயக்குநரகம், ஓய்வு பெறும் தறுவாயிலுள்ள வீரர்களுக்குப் பயிற்சி வகுப்புகளை ஏற்பாடு செய்கிறது. படையில் இருக்கும்போதே அதற்கு விண்ணப்பிப்பது நன்று. ஊர் திரும்பியபின் தொழிற்பயிற்சி நிலையங்களை அணுகலாம். அங்குக் கணினி இயக்குதல் ஓராண்டுப் பயிற்சி. மின்பணியாளர் பயிற்சி இரண்டு ஆண்டுகள்.

அரசுப் பதவிகளிலும் வழியுண்டு. மத்திய அரசின் 'சி' பிரிவுப் பதவிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கப்படுகிறது. வயதைக் கணக்கிடுகையில் படையில் பணியாற்றிய காலத்தைக் கழித்துவிடுவர். 37 வயதினர் ஒருவர் 17 ஆண்டு பணி புரிந்திருந்தால், அவர் வயது 20 எனவே கொள்ளப்படும். இதை அறியாமல், வயது கடந்துவிட்டது என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவோர் உளர். எனினும், அரசுப் பதவி ஒன்றையே நம்பி இரண்டு மூன்று ஆண்டுகள் வாளாவிருத்தல் தகாது. கற்ற கைத்திறன் மங்கும். வேலை கொடுப்பவரும் இடைவெளியைக் குறித்து ஐயுறுவர். கிடைத்த வேலையில் அமர்ந்துகொண்டே தேர்வு எழுதலாம்.

படைவீரருக்கு மிகக் கடினமான படி, ஊதியம் குறைவென்பதன்று; இருபத்துநான்கு வயது மேற்பார்வையாளரின் கீழ்ப் பணி புரிவதே. பலர் இங்கேதான் மனம் முறிந்து வேலையை விடுகின்றனர். புதிதாகப் படையில் சேர்ந்த நாளில் கற்றுக்கொண்ட அதே பணிவு இங்கும் துணை செய்யும். ஓரிரண்டு ஆண்டுகளில் அவருடைய நேரந்தவறாமையும் நாணயமும் தாமே பேசும்.

இனி, பணத்தைப் பற்றி. ஓய்வு பெறுபவர் கையில் ஒரே வேளையில் பெருந்தொகை வருகிறது. உறவினர் உடனே மாடி வீடு கட்டச் சொல்கின்றனர். நிலம் வாங்கச் சொல்கின்றனர். முன்பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகத் தரகர்களும் வருகின்றனர். வேலைக்காகப் பணம் கேட்பவரை வாயிற்படியிலேயே நிறுத்திவிட வேண்டும். ஓராண்டுக் குடும்பச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஒதுக்கி வைத்தபின்னரே வீட்டைப் பற்றி எண்ணலாம். பெற்றோராகிய விவசாயப் பெருமக்கள் இதில் மகனுக்கு ஆதரவாக நிற்க வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பவிருக்கும் வீரர்களின் பெயர்ப் பட்டியலை வைத்திருத்தல். இரண்டாவது, அவர் வந்தவுடன் படைவிலகல் சான்றேட்டோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு அனுப்பி, அடையாள அட்டைக்கும் வேலைவாய்ப்புக்கும் பதிவு செய்யத் தூண்டுதல். மூன்றாவது, விண்ணப்பங்களைக் கணினியில் அனுப்ப உதவுதல். நான்காவது, இழைக் கம்பி, சூரிய விளக்கு, மோட்டார் ஆகியவற்றின் வேலைக்கு ஊருக்குள் வரும் ஒப்பந்தக்காரரிடம், "எங்கள் ஊரில் இன்னார் இருக்கிறார்" என்று எடுத்துரைத்தல். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை, அக்கறைதான் தேவை.

அன்பர்களே! படையில் கற்ற கல்வி நம் வரிப்பணத்தால் கிடைத்த கல்வி. அது காவல் கூண்டில் உறங்கினால் இழப்பு அவ்வீரருக்கு மட்டுமன்று, ஊருக்கும் உண்டு. அவர் ஒரு தொழிலில் நிலைத்துவிட்டால், அவரைப் பார்த்து ஊர் இளைஞர் பத்துப் பேர் அத்தொழிலைக் கற்பர். ஆகவே, அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே அப்பெயர்ப் பட்டியலைத் தொடங்குமாறு உங்கள் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.