எதிர்ப்பொருள் பற்றும் இடம்



1997-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நெதர்லாந்து நாட்டுப் பன்றிப் பண்ணைகளில் ஒரு கொள்ளைநோய் தோன்றியது. மறு ஆண்டு அது அடங்குவதற்குள் 429 பண்ணைகளில் நோய் கண்டது. கொல்லப்பட்ட பன்றிகளோ ஒரு கோடிக்கும் மேல். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நோயற்றவை. நோய் பரவாதிருக்க வேண்டி அண்டைப் பண்ணைகளிலும், விலங்குகளை வெளியே கொண்டுசெல்லத் தடையிருந்தமையால் இடநெருக்கடி மிகுந்த பண்ணைகளிலும் நல்ல விலங்குகளையே அழிக்க நேர்ந்தது.

இந்நோய்க்குப் பன்றிக் காய்ச்சல் என்று பெயர். 2009-இல் மக்களைத் தாக்கிய சளிக்காய்ச்சலையும் நாம் அப்பெயராலேயே அழைத்தோம். அது வேறு, இது வேறு. இந்த வைரஸ் மனிதரைப் பற்றுவதில்லை.

இதற்குத் தடுப்பூசி இல்லையோ என்று கேட்பீர்கள். நல்ல தடுப்பூசி இருந்தது. ஆயினும் ஐரோப்பிய நாடுகள் 1990 முதல் அதனைப் பொதுவாக இடுவதை நிறுத்தியிருந்தன. ஊசி போட்ட பன்றியின் குருதியிலும், நோய் தொற்றிப் பிழைத்த பன்றியின் குருதியிலும் ஒரே வகை எதிர்ப்பொருள்களே காணப்படும். காப்புப் பெற்றது எது, நோய் தொற்றியது எது என்று பிரித்தறிய இயலவில்லை. அத்தடைக்கு இது ஒரு முக்கியக் காரணம். பிரித்தறியும் வழியைத் தேடும் ஆராய்ச்சியாளர்க்கு உதவிய ஒரு வகைப் படத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பள்ளியில் பூகோளம் கற்பித்த நாளில், ஆற்றின் பெயரைச் சொன்னால் மட்டும் போதாது, அது தோன்றும் இடத்தைப் படத்தில் தொட்டுக் காட்டு என்று கேட்பது என் வழக்கம். வைரஸ் ஆராய்ச்சியிலும் அக்கேள்வியே எழுந்தது. இவ்வைரஸின் மேலுறையில் ஈ-2 என்னும் புரதம் உண்டு. 373 அமினோ அமிலங்கள் மணிகளைப்போல் கோக்கப்பட்டு, பின் மடிந்து உருப்பெற்றது அது. எதிர்ப்பொருள் இப்புரதம் முழுவதையும் தழுவிக்கொள்வதில்லை. ஒரு சிற்றிடத்தையே பற்றுகிறது. அந்த இடம் எது?

குருதியில் எதிர்ப்பொருள்கள் பலவாகக் கலந்திருக்கும். அவற்றுள் ஒரே வகையை மட்டும் வேண்டுமளவு உண்டாக்கும் முறையை 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர் கண்டனர். 1984-இல் நோபல் பரிசும் பெற்றனர். அத்தகைய எதிர்ப்பொருள்களைக் கொண்டு நெதர்லாந்தின் லெலிஸ்டாட் நகர ஆராய்ச்சியாளர்கள் 1989-இல் இப்புரதத்தின் முகப்பை நான்கு வட்டாரங்களாகப் பிரித்தனர். ஒரே மணையில் இருவர் அமர இயலாது. முதல் எதிர்ப்பொருள் அமர்ந்தபின் இரண்டாவதும் அமருமாயின் அதன் மணை வேறு. அமராவிடில் இரண்டின் மணையும் ஒன்று, அல்லது மிக அருகில் உள்ளது. இவ்வாறு வட்டாரங்கள் புலப்பட்டன.

வட்டாரம் தெரிந்தது, தெரு தெரிய வேண்டாமா? அதற்கான முறையை 1984-இல் கெய்சன், மெலோன், பார்ட்டெலிங் ஆகியோர் கோமாரி நோய் வைரஸின் ஒரு புரதத்தில் செய்து காட்டினர். அதில் 213 மணிகள். ஒன்று முதல் ஆறு வரை ஒரு துண்டு, இரண்டு முதல் ஏழு வரை அடுத்த துண்டு என இறுதிவரை 208 துண்டுகளைச் செயற்கையாக ஆக்கினர். ஒவ்வொன்றையும் எதிர்ப்பொருளுக்குக் காட்டி, அது எதைப் பற்றுகிறது என்று நோக்கினர்.

துண்டுகளைக் காட்டிச் சோதிக்கும் இவ்வழியின் பயனைப் பன்றிக் காய்ச்சலிலும் காண்கிறோம். ஈ-2 புரதத்தில் ஓர் எதிர்ப்பொருள் பற்றும் இடம் ஒன்பதே மணிகள் என்று 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இவ்வைரஸின் உறவினமான மாட்டு வைரஸை அந்த எதிர்ப்பொருள் பற்றுவதில்லை.

எல்லா இடங்களும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. ஒரு தாளை மடித்து, மடிப்புகளின் குறுக்கே ஒரு சொல்லை எழுதுங்கள். பின் தாளை விரியுங்கள். எழுத்துகள் சிதறித் தொலைவாகக் கிடக்கும். புரதம் மடிந்திருக்கும்போது மட்டும் ஒன்றுகூடும் இடங்களும் இத்தகையனவே. துண்டுகளில் அவற்றைக் காண இயலாது. முழுப் புரதத்தில் மணிகளை ஒவ்வொன்றாக மாற்றி, எதை மாற்றினால் எதிர்ப்பொருள் பிடியை விடுகிறது என்று பொறுமையுடன் பார்க்க வேண்டும்.

இனிப் பயனைக் கூறுவேன். ஈ-2 புரதத்தை மட்டும் பூச்சி உயிரணுக்களில் உண்டாக்கி ஊசியாக இட்டால், பன்றியின் குருதியில் அதற்குரிய எதிர்ப்பொருள் மட்டுமே தோன்றும். வைரஸின் வேறொரு மேலுறைப் புரதத்திற்கும் எதிர்ப்பொருள் இருக்குமாயின் அது நோய் தொற்றிய விலங்கு என்று அறியலாம். வீரியம் குறைத்த வைரஸில் அந்த ஒன்பது மணிகளிற் சிலவற்றை மாற்றித் தடுப்பூசியாக்கும் சோதனைகளும் நடந்துள்ளன. இடத்தைத் துல்லியமாக அறிந்ததனாலன்றோ இம்மாற்றத்தைச் செய்ய முடிந்தது!

ஒரு துளிக் குருதியைக் கொண்டு, "இது காப்புப் பெற்ற விலங்கு, இதனைக் கொல்ல வேண்டா" என்று கால்நடை மருத்துவர் சொல்ல முடியுமானால், எத்தனை விலங்குகள் பிழைக்கும், எத்தனை உழவர் குடும்பங்கள் தப்பும் என்று எண்ணிப் பாருங்கள். நூல்களில் 'எதிர்ப்பொருள் வைரஸைப் பற்றுகிறது' என்ற தொடரைப் படிக்கும்போது அதனோடு நின்றுவிடாதீர்கள். எந்த இடத்தில், எத்தனை மணிகளில் என்று மேலும் கேளுங்கள்.