இழுவை வண்டியும் இருவகைப் புகையும்

அமெரிக்க நாட்டில் விடுமுறைக்குச் செல்வோர் பலர், சக்கரம் பூட்டிய சிறு வீட்டைத் தம் வண்டியின் பின்னே இழுத்துச் செல்கின்றனர். அவ்வண்டிக்குப் பெட்ரோல் நன்றா, டீசல் நன்றா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு பிறக்கும், டீசலானால் 2.7 கிலோ. ஆயினும் டீசல் எஞ்சின் காற்றை மிகுதியாக அழுத்துவதால், பளுவை இழுக்கையில் குறைந்த எண்ணெயில் அதிகத் தூரம் செல்லும். மைல் கணக்கில் கரியமில வாயு பெரும்பாலும் டீசலிலேயே குறைவு.

ஆனால், நுரையீரலைக் கெடுக்கும் கரித்தூளும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் டீசலுக்கு இயல்பானவை. 2007 முதல் 2010 வரை அங்கே படிப்படியாக வந்த விதிகளின் பயனாக, வடிகட்டியும் யூரியாக் கரைசலும் அவற்றை அடக்குகின்றன. அவை பழுதுற்றால் நன்மையும் போய்விடும்.

எனவே, தீர்ப்புக் கூறுமுன் எந்தப் புகையென்று கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.