கொள்ளைக்கார ஈயும் புகைப்படமும்

சிவனொளிபாத மலைச் சாரலின் மேற்குப் புறத்தே, சீதாவாக்கை ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்தது தெரணியகலை. மழை ஓய்ந்து வெயில் ஏறும் வேளையில், இத்தகைய தோட்டப்புறங்களில் காய்ந்த குச்சியொன்றின் நுனியில் நீண்ட உடலுள்ள ஈ ஒன்று அசையாது அமர்ந்திருக்கக் காணலாம். தேனீயொன்று அவ்வழியே பறந்ததும் அது பாய்ந்து பற்றும்; கூரிய அலகினால் குத்தி நஞ்சு கலந்த உமிழ்நீரைச் செலுத்தும்; இரையின் உள்ளுடல் கரைந்து நீரானபின் உறிஞ்சிக் குடிக்கும். இதுவே கொள்ளைக்கார ஈ. உலகில் இதன் இனங்கள் 7,000-க்கும் மேற்பட்டவை.

பெரும்பாலும் புறப்பட்ட குச்சிக்கே இது திரும்பி வருவதால், படம்பிடிப்போர் பொறுமையோடு காத்திருந்தாற் போதும். கைபேசி உள்ளோரும் இன்று படமெடுத்து விடுகின்றனர். எடுத்த படத்திலிருந்து பெயர் கூறுவதோ எளிதன்று!

குடும்பத்தை அறிவதில் ஐயமில்லை. இரு கண்களுக்கும் நடுவே உச்சந்தலை பள்ளமாய்த் தாழ்ந்திருக்கும். முகத்திலே மீசைபோல் முரட்டு மயிர் அடர்ந்திருக்கும். துடிக்கும் இரையிடமிருந்து முகத்தைக் காப்பது அம்மீசையே. சில வகைகள் வண்டுத்தேனீயின் வேடம் பூண்டு மயக்கும். எனினும் தேனீக்குச் சிறகுகள் நான்கு, ஈக்கு இரண்டே. ஈயின் உணர்கொம்பும் குறுகியது.

அடுத்த படி பேரினம். உணர்கொம்பின் நுனி இழையில் சீப்புப் பற்களைப்போல் மயிர் வரிசை தெரிந்தால், அது ஒம்மேடியஸ் அல்லது அதன் நெருங்கிய உறவு எனக் கொள்ளலாம். சிறகின் முன்னோர அறையொன்று விளிம்பை எட்டுமுன் மூடியுள்ளதா, திறந்துள்ளதா என்பதும் முக்கியமான குறி. சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்திருக்கும் படத்திலே நரம்புகள் குழம்பிப் போகும். ஆகவே மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேரே ஒன்று, வால்நுனியை அண்மித்து ஒன்று எனப் பல படங்கள் வேண்டும். நாள், இடம், உயரம் ஆகியவற்றையும் உடன் குறித்தல் நலம்.

இனத்தைத் துணிவதற்கோ, ஆணின் வால்நுனி உறுப்புகளைப் பலபோது உருப்பெருக்கியின்கீழ் பிரித்து நோக்க வேண்டும். அழகான படம் என்பதனால் மட்டும் அது புலப்பட்டு விடாது. பிராங்க் ஹல் என்னும் அறிஞர் 1962-இல் வெளியிட்ட பெருநூல்கூட இக்குடும்பத்தின் பேரினங்களைப் பற்றியதே.

தவறான பெயரோடு பதிவான ஒரு படம், அவ்வினம் அங்கு வாழ்கிறது என்ற பொய்ச் சான்றாகி நிலைத்துவிடும். உண்மையில் ஈர வலயக் காட்டுத் துண்டொன்றில் மட்டுமே அருகி வாழும் இனம், தோட்டமெங்கும் மலிந்துள்ளதாக எண்ணப்பட்டால், அக்காட்டுத் துண்டைக் காக்க யார் முன்வருவர்? எனவே, “ஒம்மேடியஸ், இனம் துணியப்படவில்லை” என்று எழுதி, நான்கு படங்களையும் இணைத்து வைப்பதே தக்கது. பின்னர் அதே சரிவில் முறையான அனுமதியுடன் ஓர் ஆண் ஈயைப் பிடித்து ஆராய்பவர், அப்படங்களோடு அதனை ஒப்புநோக்கிக் கொள்வார்.