கோச்சிப் பிள்ளைகள்

(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவர் என்பதால் உடல்நலம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் ஹட்டன் புகையிரத நிலையத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். வட்டவளையிலிருந்து பருவச்சீட்டில் வந்து படித்தவள் நான். கோச்சி பிந்தினால் நாங்களும் பிந்துவோம். வகுப்பு வாசலில் நின்றால், "கோச்சிப் பிள்ளைகளா, வாங்க" என்பார் எங்கள் ஆசிரியை. அந்தப் பெயர் இன்றும் எனக்குப் பெருமைதான்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் புகையிரதம் வந்தது. கோப்பியை இறக்கிக் கொண்டுபோகவே அந்தப் பாதை போடப்பட்டது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டார். பாதை 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1884இல் ஹட்டனுக்கும், மறு ஆண்டு நானுஓயாவுக்கும் வந்தது. அதற்குள் இலைநோயால் கோப்பி அழிந்துகொண்டிருந்தது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. அரிசியும் உரமும் மேலே ஏறின. 1924இல் பாதை பதுளையை எட்டியது.

நமது நிலையம் கடல் மட்டத்திலிருந்து 4,100 அடிக்கு மேல் இருக்கிறது. கொட்டகலைப் பக்கம் புறப்பட்டால் சிங்கமலைச் சுரங்கம் வரும். அரைக் கிலோமீற்றருக்கும் நீளமான அந்த இருட்டில் நாம் போட்ட கூச்சலை யார் மறப்பார்? மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர்கள் இங்கே இறங்குவார்கள். அந்த மாதங்களில் மேடையில் நிற்கவும் இடமிருக்காது.

கண்டியில் பணியாற்றும்போது தோட்டத்திலிருந்து வரும் நோயாளருக்கு அடுத்த கிளினிக் திகதி கொடுப்பதற்கு முன், "திரும்பிப் போக எத்தனை மணிக்குக் கோச்சி?" என்று கேட்பேன். மூன்றாம் வகுப்புச் சீட்டுக் கட்டணந்தான் பலருக்குக் கட்டுப்படியாகும். அதைத் தவறவிட்டால் அந்த அம்மா ஒரு நாள் பெயரை மட்டுமல்ல, அடுத்த முறை வரும் மனதையும் இழந்துவிடுவார்.

இனி, நான் சொல்ல வந்த விடயம். என் அம்மாவும் இந்தக் கல்லூரியின் மாணவிதான். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்றும் இரு நாடுகளும் எண்ணிக்கை பேசி முடித்தன. எழுபதுகளில் தோட்டம் தோட்டமாகக் குடும்பங்கள் புறப்பட்டன. இங்கே கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் கதறியதால், நம் சனங்கள் அதை ஒப்பாரிக் கோச்சி என்றே அழைத்தார்கள்.

அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளையும் அப்படித்தான் போனார். எட்டாம் வகுப்பு. போகும்போது அம்மாவின் கணக்குக் கொப்பி அவருடைய பையில் போய்விட்டது. "கொப்பி போனா போகட்டும், அவ போய்ச் சேர்ந்தாளான்னு தெரியலையே" என்று அம்மா இன்றும் சொல்வார்.

மலையகப் பாதை ஒற்றைப் பாதை. ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்குப் போக, நிலைய அதிபர் வளையத்தோடு ஒரு டெப்லட்டை ஓட்டுநர் கையில் கொடுக்க வேண்டும். வண்டி போய்ச் சேர்ந்தது என்று அடுத்த நிலையம் உறுதிசெய்யும் வரை இன்னொரு வண்டியை அந்தத் துண்டுப் பாதைக்குள் விடமாட்டார்கள். ஒரு வண்டிக்கு இருக்கும் அந்த விசாரிப்பு, நமது வகுப்பறையிலிருந்து போன பிள்ளைகளுக்கு இருக்கவில்லை.

சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைப் பார்த்தேன். கொழும்பு, இலண்டன், டொரன்டோ, மெல்பேர்ன் எல்லாம் இருக்கின்றன. கூடலூர் இல்லை; கோத்தகிரி இல்லை. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அங்கேதான் இருக்கின்றன. பத்தாம் வகுப்பு முடிக்காமல் போனவர் பழைய மாணவி இல்லையா? நம்மோடு ஒரு வாங்கில் இருந்தவர் நம்மவர்தானே?

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த மலர் கைக்குக் கிடைத்ததும், அப்படிப் போன ஒரு பிள்ளையின் பெயரையாவது, அவர் படித்த வகுப்பையும் தோட்டத்தையும் சேர்த்துச் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். பழைய வரவுப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அம்மாவின் தோழியின் பெயரை முதலாவதாக இன்று செயலாளரிடம் கொடுத்துவிட்டேன்.