கலமும் பெயரும்



பழங்கலம் தொகுப்போர் உண்மையில் எதனைத் தொகுக்கின்றனர்? கொரிய நாட்டுக் குடிகலங்களைக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண விழைகின்றேன்.

ஜப்பானின் கியோட்டோ நகரில், தைத்தோக்குஜி பெருங்கோயிலைச் சார்ந்த கோஹோ-ஆன் மடத்தில் ஒரு தேநீர்க் கிண்ணம் காக்கப்படுகின்றது. 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் வனையப்பட்டது அது. வாயகலம் ஏறத்தாழ 15 செ.மீ. ஓவியம் ஏதுமில்லை, அடிப்பகுதியில் மெருகுப்பூச்சு திரண்டு மணிமணியாய் நிற்கின்றது. எளிய இக்கலம் இன்று ஜப்பானின் தேசியச் செல்வங்களுள் ஒன்று. அதனைக் 'கிசாயெமோன் இதோ' என அழைக்கின்றனர். கிசாயெமோன் என்பார் அதனை வைத்திருந்த வணிகர். உடையவர் பெயர் நிலைத்தது. வனைந்தவர் பெயர் மறைந்தது.

தொகுக்கும் வேட்கைக்கு இதனினும் கொடிய முகம் ஒன்றுண்டு. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில், கொரியோ அரசமரபின் தலைநகராய் விளங்கிய கேசோங்கின் சுற்றுப்புறக் கல்லறைகள் தோண்டப்பட்டன. இறந்தாரோடு வைத்த பச்சைமெருகுக் கிண்ணங்கள் விலைப்பொருளாயின.

அவ்வாட்சிக் காலத்திலேதான், 1914இல், அசாகாவா தாக்குமி என்னும் ஜப்பானியர் கொரியா சென்றார். காடு வளர்ப்புத் துறையில் பணியாற்றிய அவர், கொரிய மொழி கற்று, எளியோர் இல்லத்துக் கலங்களைத் தொகுத்தார். அவை அம்மண்ணிலேயே தங்கவேண்டும் என்று கருதி, நண்பர் யானகி சோயெத்சு முதலியோருடன் 1924இல் சியோல் அரண்மனை வளாகத்தில் நாட்டுப்புறக் கலைக்கூடம் அமைத்தார். 1931இல், 40ஆம் வயதில், மறைந்தார். கொரிய மட்கலங்களின் பெயர்களை ஆராயும் அவரது நூல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. சோறுண்ணும் 'சாபால்', சாறும் நீரும் பருகும் 'தேஜொப்', மது அருந்தும் 'ஜான்' என, புழங்கிய மக்கள் வாய்ச்சொல்லாலேயே கலங்களை அறியச் செய்தார். அவர் கல்லறை இன்றும் சியோலின் மாங்கூரியில் உள்ளது.

ஒருவரின் அன்பு ஓர் ஆட்சியின் கொடுமைக்கு ஈடாகாது. எனினும், தொகுப்போர்க்கு உரிய நெறியை அவரிடம் காண்கின்றோம். பெயரிழந்த கலம் எத்துணை அழகியதாயினும் வெறும் உடைமையே. பெயரோடும் பிறந்த இடத்தோடும் புழங்கிய கைகளின் நினைவோடும் காக்கப்படும் கலமே வரலாறாகும். சொல்லைப் பயிலும் நமக்கு இது புதிதன்று.