குறைந்த செலவில் உயர்ந்த பயணம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

புலவர் பெருமக்கள் பேச வேண்டிய இம்மேடையில், பத்தாம் வகுப்பைத் தாண்டாத புகைவண்டி எழுத்தர் ஒருவரை ஏற்றிவிட்ட துணிவு நம் செயலாளருக்கே உரியது. இலக்கியம் பேச எமக்குத் தகுதியில்லை. ஆயின், பயணச்சீட்டும் கட்டணமும் இருபது ஆண்டுகளாக எம் கையில் புழங்கும் பொருள்கள். எனவே, உயர்ந்த வகுப்பில் பறப்பதும் நல்ல விடுதியில் தங்குவதும் நம்போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களுக்கு எட்டுமா என்பது குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

பயணம் நமக்குப் புதிதன்று. பாறசாலை எல்லை ஊர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1979-இல் திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் பிழைப்பை நாடி வந்த குடும்பங்களே இக்குடியிருப்பில் மிகுதி. திருமணமாயினும் சாவாயினும் நாம் ஓடிக்கொண்டே இருக்கிறோம். ஓட்டம் நம் விதி. அது துன்பமாகவே இருக்க வேண்டும் என்பது விதியன்று.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எம் அன்னையார் காசிக்குப் போக விரும்பினார். வயது எழுபத்தாறு, முழங்கால் வலி. இரண்டு இரவு வண்டியில் கிடக்க அவரால் இயலாது. வானூர்திச் சீட்டை முன்கூட்டியே மலிவாக வாங்கினோம். விடுதிக்கு ஒரு தொலைபேசி எண் கிடைத்தது. “பாதி விலையில் குளிரூட்டிய அறை, முன்பணம் உடனே அனுப்புக” என்றது மறுமுனைக் குரல். அனுப்பினோம். அங்குச் சென்றபோது, அவ்விடுதியில் எம் பெயரில் அறையே பதிவாகவில்லை. வாங்கியவன் விடுதிக்காரன் அல்லன். விடுதியின் பெயரைச் சொல்லி ஏய்த்தவன். வெயிலில், வாசற்படியில், பையின்மேல் அமர்ந்திருந்த அன்னையார் கடிந்துகொள்ளவில்லை. “வெல கொறஞ்சாப் போதுமா ராசா? வாசல்ல ஒக்கார வைக்காத வெலயாப் பாரு” என்றார். அவ்வொரு சொல்லே இப்பேச்சின் தோற்றுவாய்.

அன்று எமக்குப் புகலிடம் தந்தது காசி நாட்டுக்கோட்டை நகரச் சத்திரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரத்தார் எழுப்பிய அறச்சாலை அது. தமிழில் பேச ஆள் இருந்ததைக் கண்டதும் அன்னையாரின் முகம் மலர்ந்தது. உயர்ந்த தங்குமிடம் எது என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

இனி, பட்டறிவால் கற்றவற்றைச் சொல்கின்றோம்.

முதலாவது, வானூர்திக் கட்டணம். ஒரே ஊர்தியில், ஒரே வகுப்பில், அடுத்தடுத்து அமர்ந்த இருவர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பர். இருக்கைகளைப் பல விலைப் படிகளாகப் பிரித்து, கீழ்ப்படி தீர்ந்ததும் மேற்படியை விற்பதே வழக்கம். நால்வருக்கு ஒருங்கே தேடும்போது கீழ்ப்படியில் மூன்று இடமே எஞ்சியிருப்பின், நால்வருக்கும் மேற்படி விலையே காட்டப்படலாம். ஆகவே முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள். பிறகு நால்வருக்குப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பிரித்து வாங்குங்கள். நடுவணரசே 2022-இல் தன் அலுவலர்களைப் பயண நாளுக்கு 21 நாள் முன்னதாகச் சீட்டெடுக்குமாறு அறிவுறுத்தியது. அரசுக்கு நல்லது நமக்கும் நல்லதே.

இரண்டாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் வானூர்தியின் சாதாரண வகுப்புக்கு 5 விழுக்காடும், உயர் வகுப்புக்கு 18 விழுக்காடும் சரக்கு சேவை வரி. விடுதி அறைக்கோ, நாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 விழுக்காடு. அதைத் தாண்டினால் 18. இதனைக் கணக்கிட்டுப் பாருங்கள். 7,500 ரூபாய் அறைக்கு வரி 375, மொத்தம் 7,875. 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. வாடகையில் நூறு ரூபாய் கூடியதால் கையிலிருந்து போவது 1,093 ரூபாய்! எல்லையில் வாழும் நாம் எல்லைக்கோட்டின் அருமையை அறியாதவரா?

மூன்றாவது, பருவம். நம் அண்டையிலுள்ள கோவளத்தில் மார்கழி, தை மாதங்களில் வாடகை வானளாவும். ஆனி, ஆடி மழையில் அதே அறை இறங்கிவரும். மலையூர்களில் கோடை விடுமுறை கழிந்தால் விலை தணியும். பெருநகரங்களின் வணிக விடுதிகள் சனி, ஞாயிறுகளில் வெறிச்சோடும். அப்போது விலை பேசலாம். கடற்கரை விடுதியில் இதற்கு நேர்மாறு.

நான்காவது, அரசு இடங்கள். கேரளப் பொதுப்பணித் துறையின் ஓய்வு இல்லங்களை 2021 நவம்பர் 1 முதல் பொதுமக்களும் இணையவழிப் பதிவு செய்யலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதிகளும் உண்டு. சில மணி நேரம் களைப்பாறப் பெரிய நிலையங்களின் ஓய்வறைகள் போதும். உறுதிப்பட்ட பயணச்சீட்டு இருந்தால் அவற்றைப் பெறலாம்.

ஐந்தாவது, எம் துறை பற்றி. இருப்புப்பாதையில் தொலைவு கூடக் கூட, கிலோமீட்டருக்குரிய கட்டணம் குறையும். புறப்பட்ட நிலையத்திற்கே திரும்பும் சுற்றுப் பயணச்சீட்டு இதனால் ஆதாயமானது. குளிரூட்டிய வகுப்புக்கும் உண்டு. வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். பல தலங்களை வணங்க விரும்புவோர் நிலைய அதிகாரியை முன்னரே அணுகுக. முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதை மறவற்க. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அது திரும்புமென்று நம்பிக் காத்திராமல், முன்பதிவு தொடங்கும் நாளன்றே கீழ்ப்படுக்கை கேளுங்கள். சீட்டெடுக்கும்போது வகுப்பு உயர்வுக்கு இசைவு தெரிவித்தால், மேல்வகுப்பில் இடம் எஞ்சுமாயின் கூடுதல் கட்டணமின்றியே கிடைக்கலாம். முழுக் கட்டணம் செலுத்துவோர்க்கே இவ்வாய்ப்பு.

ஆறாவது, இழப்பைத் தடுத்தல். “பணம் திரும்பாது” என்று எழுதிய வானூர்திச் சீட்டை நீக்கினாலும், அரசு வரியும் நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் திரும்பத் தரப்பட வேண்டும் என்பது வானூர்தி இயக்ககத்தின் விதி. பலர் இதனைக் கேட்பதேயில்லை, கேட்டுப் பெறுங்கள். விடுதியின் எண்ணை அவ்விடுதியின் சொந்தப் பக்கத்திலிருந்தே எடுங்கள். பணம் அனுப்புமுன் ஒருமுறை வரவேற்பறைக்குப் பேசி, பதிவு உண்டா எனக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டா. உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். காலம் தாழ்த்தாது சொன்னால் பணம் தடுத்து நிறுத்தப்பட வாய்ப்புண்டு. யாம் வெட்கத்தால் இரண்டு நாள் கழித்துச் சொன்னோம்; பணம் வரவில்லை.

அன்பர்களே! சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தேவையற்ற செலவை நீக்கி, தேவையான வசதியை வாங்குவதே சிக்கனம். இளைஞன் படுக்கையின்றியும் போவான். முழங்கால் நொந்த முதியவளுக்கு உயர்ந்த வகுப்பு ஆடம்பரம் அன்று. வாழ்நாளெல்லாம் நமக்காகக் கூட்டத்தில் நின்று பயணம் செய்தவர்களை ஒருமுறையேனும் அமர்த்தி அழைத்துச் செல்வோம்.

எம் அன்னையார் சென்ற ஆண்டு மறைந்தார். காசிப் பயணத்தை அவர் அக்கம்பக்கத்தார்க்குச் சொல்லும்போதெல்லாம் வானூர்தியின் சன்னலையும் சத்திரத்துச் சோற்றையும் சொல்வார், வாசற்படியைச் சொன்னதேயில்லை. அது அவர் பெருந்தன்மை. ஆனால் யாம் மறக்கவில்லை. உங்கள் அன்னையர் எவரும் அவ்வாறு வாசலில் அமர நேராதிருக்கவே இவ்வளவும் கூறினோம். பயணம் புறப்படுமுன் ஐயம் எதுவாயினும், மாலை ஆறு மணிக்கு மேல் எம் இல்லக் கதவைத் தட்டுங்கள். காப்பியோடு கணக்கும் பார்ப்போம்.